பம்பர் பெயிண்ட் ஏன் தோலாக உரிகிறது? மென்மையான பிளாஸ்டிக்கில் பிரைமர் அடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது என் வேலை. தகரத்தைப் பற்றி யாரும் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. கேள்வியெல்லாம் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான்: வேன் பம்பர், பைக் மட்கார்ட், ஆட்டோ ரெக்சின், தோட்டத்துக் கொழுந்துக் கூடை, போன மாசியில் ஒரு கூத்துக் கிரீடம்கூட வந்தது. ஒரே பதிலை ஆளாளுக்குத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாசிக்கிறவர் பெயிண்ட் வேலையில் கைதேர்ந்த பாஸாகவும் இருக்கலாம், வீட்டு இஸ்தோப்பில் ஸ்பிரே கேனோடு நிற்கும் தம்பியாகவும் இருக்கலாம், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

அண்ணே, போன வருசம்தான் பம்பருக்கு பெயிண்ட் அடித்தேன். பிரஷர் வோஷ் பண்ணினதும் தோல் மாதிரி கழன்று வந்துவிட்டது. பெயிண்ட் மட்டமானதா?

பெரும்பாலும் பெயிண்டில் குற்றம் இருக்காது தம்பி. கழன்று வந்த தோலைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. தோலின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்து, கீழே பம்பர் வெறும் கறுப்பாகத் தெரிந்தால், பிரைமர் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை. பம்பரில் பிரைமர் அப்படியே நின்று, நிறம் மட்டும் போயிருந்தால், பிரைமருக்கும் நிறத்துக்கும் நடுவில்தான் கோளாறு, அதாவது பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு அதைத் தேய்க்காமலேயே மேலே அடித்திருப்பார்கள், அல்லது இடையில் யாராவது எண்ணெய்க் கையை வைத்திருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளை வேன் பம்பரை அடித்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. ஒரு கல் தெறித்து ஐந்து சத நாணயம் அளவுக்கு ஓட்டை, அதன் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன், காய்ச்சிய பாலில் ஆடை எடுக்கிற மாதிரி ஒரு முழ நீளத்துக்கு வந்தது. பின்பக்கத்தில் பம்பர் அச்சின் புள்ளி புள்ளியான தழும்புகூட அச்சு அசலாகப் பதிந்திருந்தது. அந்தத் தழும்பு அவ்வளவு தெளிவாக இருந்ததற்குக் காரணம், நான் அந்த இடத்தைத் தேய்க்கவே இல்லை. அந்தத் தோலை இன்னும் வைத்திருக்கிறேன், கராஜில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

தகரத்தில் ஒட்டுகிற அதே பெயிண்ட் பிளாஸ்டிக்கில் ஏன் ஒட்டுவதில்லை?

தாமரை இலைத் தண்ணீர் தெரியும்தானே. தண்ணீர் இலையில் பரவாது, உருண்டு நிற்கும், சாய்த்தால் ஓடிவிடும். பெயிண்டும் ஒரு திரவம்தான், அது எதன்மேல் பரவுகிறதோ அதில்தான் பிடிக்கும். ஒரு பரப்பு திரவத்தை எவ்வளவு வரவேற்கிறது என்பதை டைன் என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை 72 டைன் அளவு. பம்பரில் இருக்கும் பொலிப்ரொப்பிலீனின் பரப்புச் சக்தி 30 டைன் பக்கத்தில்தான் நிற்கிறது, ரெக்சினில் இருக்கும் பிவிசி 39 அளவு, பொலியூரிதேன் 40க்கு மேல். சுத்தமான தகரம் இவை எல்லாவற்றையும்விட எவ்வளவோ மேலே.

காரணம் எளிது. பொலிப்ரொப்பிலீனில் காபனும் ஐதரசனும் மட்டும்தான் இருக்கின்றன, பெயிண்ட் கை கோத்துக்கொள்ள ஒட்சிசனோ நைதரசனோ ஒன்றும் இல்லை. மெழுகுதிரியும் அப்படிப்பட்ட பொருள்தான். அதனால் பொலிப்ரொப்பிலீன் பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பது என்றால் மெழுகுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று தானாகவே விளங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் தகரத்தைவிடப் பல மடங்கு விரியும். நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகைக் குளிரில் புறப்பட்ட வேன் மத்தியானம் கொழும்பு வெயிலில் நிற்கும்போது, ஒன்றரை மீற்றர் பம்பர் சுமார் 5 மில்லிமீற்றர் நீண்டிருக்கும். அதே நீளத் தகரம் 1 மில்லிமீற்றர்கூட நீளாது. பெயிண்ட் இந்த இழுபறியோடு தினமும் போய்வர வேண்டும், பிடி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் ஓரத்திலிருந்து எழும்பத் தொடங்கிவிடும்.

என்னுடையது எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் ஆங்கில எழுத்தில் பெயர் அச்சாகியிருக்கும். பிபி என்றால் பொலிப்ரொப்பிலீன். பிபி கூட்டல் ஈபிடிஎம் என்றால் அதோடு இரப்பர் கலந்தது, இன்றைய கார், வேன் பம்பர்களில் அதிகம் வருவது இதுதான். பக்கத்தில் டி20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் மாவு சேர்த்திருக்கிறார்கள். பியூஆர் என்றால் பொலியூரிதேன். பைக் கவர்களில் ஏபிஎஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கும் பிபியும் இரண்டுமே வரும்.

எழுத்து இல்லையென்றால் ஓரத்தில் சின்னத் துண்டு சீவித் தண்ணீரில் போடு, மிதந்தால் பிபி, தாழ்ந்தால் ஏபிஎஸ் என்று பழைய பாஸ்மார் சொல்வார்கள். சுத்தமான பிபிக்கு அது சரி, அதன் அடர்த்தி 0.9 அளவு, ஏபிஎஸ் 1.05. ஆனால் டால்க் 20 சதவீதம் கலந்த பம்பர் துண்டும் தாழ்ந்துவிடும், அங்கே இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும். நான் நம்புவது தேய்த்துப் பார்ப்பதை: மறைவான இடத்தில் 180 நம்பர் தேய்க்கும் பேப்பரால் நாலு தேய் தேய்த்தால் ஏபிஎஸ் மாவு மாதிரித் தூளாகும், பிபி வகை தூளாகாமல் இழுபட்டு மயிர் மயிராக நிற்கும். மயிர் நின்றால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம்.

சரி, கழுவுவதிலிருந்து பிரைமர் வரை வரிசையாகச் சொல்லுங்கள் அண்ணே.

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும். தின்னரை முதலில் எடுக்கக் கூடாது. புதுப் பம்பரில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய பொருள் ஒட்டியிருக்கும், அதில் ஒரு பகுதி தண்ணீரில்தான் போகும், இன்னொரு பகுதி கரைப்பானில்தான் போகும், அதனால் இரண்டும் வேண்டும். சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் தண்ணீர் பொய்யாகப் பரவி, சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வைக்கும். அலசும்போது கவனித்துப் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் வேறு மாதிரிச் சுருங்கி ஓடினால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவம், பெயிண்ட் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு துணி எடுங்கள், ஒன்று நனைந்தது, மற்றது காய்ந்தது. நனைந்த துணியால் துடைத்த உடனே, அது காயும் முன், காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காய விட்டால் அழுக்கு கரைந்து, பரவி, அதே இடத்தில் மறுபடி படியும், துடைத்தும் துடைக்காததும் ஒன்றுதான். துணியை அடிக்கடி திருப்புங்கள். சாதாரண லாக்கர் தின்னரை நிறைய ஊற்றித் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், மென்மையான பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வீங்கும், பெயிண்ட் அடித்து இரண்டு நாள் கழித்து அந்த ஆவி வெளியே வரும்போது கொப்புளம் போடும். ஏபிஎஸ்ஸில் இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

அடுத்தது தேய்த்தல். இங்கே நோக்கம் பிளாஸ்டிக்கைக் குறைப்பதல்ல, பளபளப்பை உடைப்பது. சிவப்பு ஸ்கொட்ச் பிரைட் தேய்ப்பான் அல்லது 400 நம்பர் தண்ணீர்ப் பேப்பர், முடிவில் 600. சிலர் 80 நம்பர் எடுத்து உழுதுவிடுகிறார்கள், பிபியில் அந்தக் கீறல் ஓரம் மயிராக எழும்பி நிறத்துக்கு மேலேயும் தெரியும். விளிம்பு, மூலை, லைட் பொருத்தும் குழி, நம்பர் பிளேட் இடம், இவற்றைக் கையால், விரல் நுனியால் தேய்க்க வேண்டும். உரிவது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும், நடுவை மட்டும் நன்றாகத் தேய்த்துப் பயனில்லை.

தேய்த்ததும் மறுபடி கழுவி, காயவைத்து, மறுபடி துடைக்க வேண்டும். நம் ஊரில் காயவைப்பது என்றால் உண்மையாகவே காயவைப்பது. கிளிப் ஓட்டை, மடிப்பு எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், காற்றுக் குழாயால் ஊதி விரட்டுங்கள். கடைசியாகத் துடைக்கும்போது காய்ந்த துணியால் வேகமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி, தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும். மெதுவாக ஒரே திசையில் துடையுங்கள், தரையை நனைத்துவிடுங்கள்.

புதுப் பம்பர் சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தே வந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தின்னர் நனைத்த துணியை உள்ளோரத்தில் ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கரைந்து துணியில் வந்தால் அது வெறும் கண்துடைப்புப் பூச்சு, முழுவதையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அசையாமல் நின்றால் தேய்த்துவிட்டு அதன்மேல் போகலாம்.

பிளாஸ்டிக் பிரைமரில் அப்படி என்னதான் இருக்கிறது? இரண்டு கோட் தடிப்பாக அடித்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்தானே?

இல்லை, இதில் தடிப்பு ஆகாது. பிபிக்கான பிரைமரில் இருப்பது குளோரீன் ஏற்றிய பொலிஒலிஃபீன், கரைப்பான் பெரும்பாலும் சைலீன் வகை. பிபியைப் போன்ற சங்கிலியில் இடைக்கிடை குளோரீன் கோத்த பொருள் அது. கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலை, முக்கியமாக இரப்பர் கலந்த இடத்தை, கொஞ்சம் வீங்க வைக்கும், அந்த இடைவெளியில் சங்கிலியின் ஒரு பகுதி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். கரைப்பான் பறந்ததும் தோல் இறுகும். பிபியைப் போன்ற பாகம் கீழே பிடிக்கிறது, குளோரீன் பாகம் மேலே வரும் பெயிண்டைப் பிடிக்கிறது. இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த கங்காணி மாதிரி நடுவில் நிற்கிறது என்று சொல்லலாம்.

அந்த வேலைக்குக் காய்ந்த தடிப்பு 5 முதல் 10 மைக்ரோன் போதும், தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு மேல் போனால் நடுவில் மென்மையான ஒரு அடுக்கு உருவாகி, பெயிண்ட் அந்த அடுக்கிலேயே கிழியும், பெட்ரோல் பட்டாலும் ஊறி எழும்பும். மூடியும் மூடாததுமாக ஒரு மெல்லிய ஈரக் கோட், அவ்வளவுதான். பொதுவாக இதைத் தேய்க்கக் கூடாது. அடுத்த கோட்டை எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று டின்னில் எழுதியிருப்பார்கள், அதை வாசியுங்கள், பிந்திவிட்டால் இதையே இன்னொரு முறை மெல்லியதாக அடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஏபிஎஸ், பொலியூரிதேன் இரண்டுக்கும் இந்தக் குளோரீன் பிரைமர் தேவையில்லை. நன்றாகத் தேய்த்து, வளையக்கூடிய சாதாரண டூகே பிரைமர், அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னர் திரவத்தைக் கலந்து அடிக்கும் வகை, அடித்தால் போதும். கடைக்காரர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பிரைமர் என்று ஒரே பெயரில்தான் விற்பார், அதனால் எந்தப் பிளாஸ்டிக்குக்கு என்று டின்னின் பின்பக்கத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நம் ஊர் பனியிலும் மழையிலும் அடிக்கலாமா? கொழும்புப் பாஸ் அடித்தால் நிற்கிறது, இங்கே அடித்தால் வெளுத்துப்போகிறது.

அந்தப் பாஸின் கை ஒன்றும் தனிக் கை இல்லை, அங்கே சூடு அதிகம், அதுதான் வித்தியாசம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், வருடச் சராசரி 16 பாகை அளவுதான். வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும்.

காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். 20 பாகையில் ஈரப்பதம் 75 என்றால் பனிநிலை 15 பாகைக்குக் கொஞ்சம் மேலே, பயமில்லை. அதே 20 பாகையில் ஈரப்பதம் 90 என்றால் பனிநிலை 18ஐத் தாண்டிவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பை இரண்டு பாகை குளிரவைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலத்துக்கு மேல்தான் நீங்கள் பிரைமர் அடிக்கிறீர்கள். பரப்பு பனிநிலையைவிட 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. சின்ன ஈரமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். அது 85ஐத் தாண்டினால் நான் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிடுவேன், வாடிக்கையாளர் வாசலில் நின்று ஏசினாலும்.

எங்கள் பக்கத்தில் நல்ல நேரம் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. பம்பரை முதல்நாள் இரவே உள்ளே எடுத்து வையுங்கள், குளிரில் கிடந்ததைக் கொண்டுவந்த உடனே அடிக்காதீர்கள். டூகே பெயிண்டில் இருக்கும் ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கக்கி ஊசிமுனை ஓட்டை போடும், 15 பாகைக்குக் கீழே அது காய்வதும் ஆமை வேகம். ஹீட்டர் விளக்கு வைத்தால் ஒரு பக்கத்தை மட்டும் சுடாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், பம்பருக்கு அடியில் தாங்கலும் கொடுங்கள், தாங்கல் இல்லாமல் 60 பாகைக்கு மேல் சூடாக்கினால் வளைந்து, பிறகு வேனில் பொருந்தாது. விறகு அடுப்புப் புகையில் காயவைக்கும் யோசனையே வேண்டாம், புகையில் எண்ணெய் இருக்கிறது.

பெயிண்ட் வளைந்துகொடுக்க ஃபிளெக்ஸ் என்ற திரவத்தைக் கலக்கச் சொல்கிறார்கள். கட்டாயமா?

பொலியூரிதேன் மாதிரிக் கையால் வளைத்தால் வளைகிற சாமானுக்குக் கலக்கலாம். விறைப்பான பம்பருக்குப் பெரிதாகத் தேவையில்லை, நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான இன்றைய நல்ல டூகே கிளியர் தானாகவே ஓரளவு வளையும். ஃபிளெக்ஸ் வெடிப்பைத் தடுக்கும், ஒட்டலைக் கூட்டாது, இரண்டும் வேறு வேறு விஷயம். அளவுக்கு மேல் கலந்தால் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும். குழி நிரப்பும் பட்டிக்கும் இதே கதைதான், தகரத்துக்குப் போடும் சாதாரண பட்டியைப் பம்பரில் போட்டால் ஒரு குழியில் விழுந்ததும் வெடிக்கும், வளைகிற பட்டி தனியாக இருக்கிறது.

தோட்டத்துக் கொழுந்துக் கூடைகளில் டிவிஷன் நம்பர் எழுதினால் ஒரு மாதத்தில் போய்விடுகிறது. என்ன வழி?

அந்தப் பிளாஸ்டிக் கூடைகள் பெரும்பாலும் பொலித்தீன் வகை, பிபியைவிடப் பிடிவாதம். குளோரீன் பிரைமர்கூட அதில் பிபியில் நிற்கிற மாதிரி நிற்காது. இதற்கு நெருப்புத்தான் வழி. பயப்பட வேண்டாம், உருக்குவதற்கு இல்லை. காஸ் டோர்ச்சில் நீலச் சுவாலையை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கூர்மையான நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே இருக்கும் பாகம் படும்படி, எழுதப்போகும் இடத்தில் சட்டென்று ஒரு இழுப்பு. ஒரு வினாடிகூட நிற்கக் கூடாது. மஞ்சள் சுவாலை கரியைப் பூசிவிடும், அது கூடாது. சரியாகச் செய்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தண்ணீர் விட்டுப் பார்த்தால் முன்பு உருண்ட தண்ணீர் இப்போது பரவி நிற்கும், ஏனென்றால் சுவாலை மேல்தோலில் ஒட்சிசனை ஏற்றிவிட்டது. பார்த்ததும் துடைத்து, அன்றைக்கே பெயிண்டைப் போட்டுவிடுங்கள், நாள் போகப் போக அந்தக் குணம் மங்கிவிடும்.

கடையில் கொடுக்கும் ஷொப்பிங் பேக்கில் அச்சு நிற்பதும் இதே தத்துவத்தில்தான், அங்கே நெருப்புக்குப் பதில் மின்சாரப் பொறி. டென்மார்க்கில் வேர்னர் ஐஸ்பி என்ற பொறியியலாளர் 1951இல் கண்டுபிடித்த கொரோனா முறை அது. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: தின்னரால் துடைத்த சாமானில் ஆவி முழுதாகப் போகும் முன் சுவாலையைக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் திறந்த டின் எதுவும் இருக்கக் கூடாது.

ஆட்டோ ரெக்சினுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன், ஆறு மாதமாகியும் கையில் ஒட்டுகிறது.

இனாமல் அடித்திருப்பீர்கள். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய மென்மையான பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை மெத்தென்று ஆக்குவதற்கு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை நிறையக் கலக்கிறார்கள், சில வகைகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். அந்தத் திரவம் நாளாக நாளாக மேலே ஏறி, உங்கள் இனாமலுக்குள் நுழைந்து அதையும் மெத்தென்று ஆக்கிவிடும். இன்னும் பத்து மாதம் வைத்தாலும் காயாது, எடுத்துவிட வேண்டியதுதான். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, வைனலுக்கென்று விற்கும் நிறத்தை மெல்லிய மூன்று கோட்டாக அடியுங்கள். மழைக் கவர் ஏற்கெனவே விறைத்து வெடித்திருந்தால் பெயிண்ட்டில் காசு போடாதீர்கள் தம்பி, புது ரெக்சின் தைத்துவிடுங்கள்.

மாமா, காமன் கூத்துக்கு ஸ்பொன்ஜ் சீட்டில் ரதிக்குக் கிரீடம் செய்தோம். தங்கப் பெயிண்ட் முதல் இரவே வெடித்து உதிர்ந்துவிட்டது.

இந்தக் கேள்வி வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசம், பிள்ளைகள் இன்னும் மாசியில் மன்மதன், ரதி கதையைக் காமன் கூத்தாக ஆடுகிறார்களே என்று. நீங்கள் வாங்கியது ஈவிஏ சீட், செருப்பு அடியில் இருக்கும் பொருள். அதில் நுண்ணிய துளைகள் நிறைய, பெயிண்டைக் குடித்துவிடும், மிச்சம் மேலே விறைத்து வெடிக்கும். முதலில் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள், துளைகள் மூடி மேல்தோல் கொஞ்சம் மினுமினுக்கும். அதோடு நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் சுருண்டுவிடும். அப்புறம் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நாலைந்து மெல்லிய கோட். விரலால் மடித்துப் பாருங்கள், வெடிக்காவிட்டால் அக்ரிலிக் தங்க நிறம் அடிக்கலாம். வெண்ணிற ரெஜிபோமில் (தெர்மாகோல்) செய்த சாமான் என்றால் ஸ்பிரே கேன் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும்.

பெயிண்ட் அடித்ததும் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகுகிறதே?

சிலிக்கன். டயர் பொலிஷ், டாஷ்போர்ட் பொலிஷ், யாரோ ஒருவர் கராஜுக்குள் அடித்திருப்பார். சிலிக்கனின் பரப்புச் சக்தி பிபியைவிடவும் குறைவு. ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்து, மெழுகு நீக்கியால் பல தடவை துடைத்து, மறுபடி தொடங்குங்கள். பெயிண்ட் அடிக்கும் கூரைக்குக் கீழே பொலிஷ் ஸ்பிரே திறக்கவே கூடாது.

பழைய பெயிண்ட் நன்றாக இருக்கிறது, ஒரு மூலை மட்டும்தான் உரசியிருக்கிறது. முழுவதும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கம்பனிப் பெயிண்ட் பிடித்து நிற்கிறது என்றால் அதுதான் உலகத்திலேயே நல்ல பிரைமர். உரசிய ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து இறக்கி, கறுப்பாகத் தெரியும் வெறும் பிளாஸ்டிக்கில் மட்டும் பிளாஸ்டிக் பிரைமர், பிறகு வழக்கம்போல.

பிடித்திருக்கிறதா என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

பம்பரில் வெட்டிப் பார்க்க முடியாது, அதனால் அதே வகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை, உடைந்த பம்பரிலிருந்து எடுத்ததை, கூடவே கழுவி, கூடவே தேய்த்து, கூடவே அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போனதும் பிளேடால் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஆறு கோடு நெடுக்கில், ஆறு கோடு குறுக்கில், பிளாஸ்டிக் வரை வெட்டுங்கள். 25 கட்டம் வரும். நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற சர்வதேச முறை இதுதான்: ஒன்றும் வராவிட்டால் 0, 5 சதவீதத்துக்குள் வந்தால் 1, மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிட்டால் 5. நான் 0 அல்லது 1 தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. அதோடு அதே துண்டை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு, வேறு இடத்தில் மறுபடி வெட்டிப் பாருங்கள். காய்ந்த நிலையில் 0 வாங்கி, ஊறியதும் 4க்குப் போன துண்டுகளைப் பார்த்திருக்கிறேன், நம் மழைக்கு அந்த இரண்டாவது சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், வைத்து அடிக்கலாமா? வெளியே மழை.

தயவுசெய்து வேண்டாம். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் காம்பராவில் சைலீன் ஆவி நிறைந்தால் ஒரு தணல் போதும். டூகே ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நெஞ்சுக்குள் போனால் இழுப்பு நோய் வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்ச வாசனைக்கும் மூச்சு அடைக்கும், அந்த மனிதர் இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். துணி முகமூடி அதைத் தடுக்காது, வெளிக்காற்றுக் குழாய் உள்ள முகமூடி வேண்டும். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கலாம், சுவருக்கு மேலே கூரை வரை அடைப்பு இல்லாத லயங்களில் உங்கள் ஆவி அந்தப் பிள்ளையின் தொட்டிலுக்குத்தான் போகும். மழை விடட்டும், அல்லது கராஜுக்குக் கொண்டுவாருங்கள்.

அடித்து எத்தனை நாளில் கழுவலாம்?

கைக்குக் காய்ந்தது என்பது உள்ளே காய்ந்தது இல்லை. எங்கள் குளிரில் டூகே பெயிண்ட் என்றால் முதல் ஒரு வாரம் வெறும் தண்ணீரும் துணியும் மட்டும். பிரஷர் வோஷ் ஒரு மாதம் கழித்து, அப்போதும் குழாயை ஒரு முழத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், பம்பர் ஓரத்தை நோக்கிச் சாய்த்துப் பிடிக்காமல், நேராகப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். சேர்விஸ் ஸ்டேசனில் அந்தப் பையன் அவசரத்தில் இருப்பான், அதனால் முதல் தடவை நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.